தையல் பிரித்த பிறகு

கும்மிடிப்பூண்டி சிப்காட்டின் உருட்டாலைகளிலும் பிரஸ் மெஷின்களிலும் உழைப்பவருக்குக் கைதான் மூலதனம் என்பது யாவரும் அறிந்ததே. ஆனால் அந்தக் கை இயந்திரத்தில் அகப்பட்டு, அறுந்த நரம்பும் தசைநாணும் சர்ஜன்களின் சாமர்த்தியத்தால் மீண்டும் இணைக்கப்பட்ட பின்பு, மரக்கட்டைபோல் விறைத்துப் போகாமல் ஸ்பானரைப் பிடிக்கவும் சோற்றைப் பிசையவும் அதற்குக் கற்றுக்கொடுப்பவர் யார் என்பதை அறிந்தவர் சிலரே. ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் எனப்படும் தொழில்வழிச் சிகிச்சையாளரே அவர். "எந்த மெஷினில் நின்றீர்கள்? கைலியை எந்தக் கையால் செருகுவீர்கள்?" என்பவையே அவர் கேட்கும் முதல் கேள்விகள்.

இந்தியாவில் தொழில்வழிச் சிகிச்சைக்கான முதல் பள்ளியை 1950இல் பம்பாயில் கமலா நிம்ப்கர் தொடங்கினார். வேலூரில் டாக்டர் பால் பிராண்ட், தொழுநோயால் மடங்கிய விரல்களை நிமிர்த்தியதோடு நில்லாமல், அந்தக் கைகளுக்குத் தச்சுவேலையும் பழக்குவித்தார். வடசென்னை ஸ்டான்லி மருத்துவமனையில் 1971இல் டாக்டர் ஆர். வெங்கடசாமி கைக்காயங்களுக்கென்றே தொடங்கிய பிரிவு வளர்ந்து நிலையமானபோது, அதன் பெயரிலேயே மறுவாழ்வு என்னும் சொல் இடம்பெற்றது.

தசைநாணைத் தைத்தபின் விரலை அசைக்காமலே விட்டால் அது சுற்றியுள்ள சதையோடு ஒட்டிக்கொள்ளும். அவசரப்பட்டு இழுத்தாலோ தையல் அறுந்துவிடும். ஆகவே, வெந்நீரில் இட்டதும் நனைந்த அப்பளம்போல் துவளும் ஒருவகைப் பிளாஸ்டிக் தகட்டைப் புறங்கையில் படியவைத்து, மணிக்கட்டு சற்றே மடங்கிய நிலையில் அது இறுகும்வரை சிகிச்சையாளர் பொறுமையாகப் பிடித்திருப்பார். அந்தக் காப்புக்குள் ஏறக்குறைய ஆறு வாரம் அளவறிந்த அசைவு. நரம்போ நாளொன்றுக்குச் சுமார் 1 மில்லிமீட்டர்தான் வளரும். மணிக்கட்டில் அறுந்தது விரல்நுனியை எட்ட ஆறு மாதமாகலாம். உணர்ச்சி திரும்பும் தருவாயில், கண்ணை மூடிக்கொண்டு, அரிசிக்குள் ஒளித்த புளியங்கொட்டையையும் நாணயத்தையும் தடவி இனங்காணும் அப்பியாசம் தொடங்குகிறது. சிகிச்சையாளர் வகுத்த முறை வழுவாமல் பக்கத்தில் அமர்ந்து, சலிப்பின்றி இதை நடத்தும் உதவியாளரின் சேவையை நான் பெரிதென்றே கருதுகிறேன்.

சிகிச்சைக்கு ரயிலேறி வந்துபோனால் ஒருநாள் கூலி போய்விடுமே என்று, தையல் பிரித்த கையோடு வீட்டில் தங்கிவிடுவோர் உண்டு. அப்படிச் செய்யாதீர்கள். இ.எஸ்.ஐ. காப்பீடு பெற்றவருக்கு, வேலையில் பட்ட காயத்தால் உழைக்க இயலாத நாட்களுக்குச் சம்பளத்தில் 90 சதவீதம் கிடைக்கச் சட்டம் வழிசெய்திருக்கிறது. கேட்டுப் பெறுங்கள்.