கற்பித்தற் பயிற்சியும் முதல் நியமனமும்: கனிட்ட இடைநிலை வகுப்புகளை முன்வைத்து ஒரு நோக்கு

ஆசிரியப் பயிற்சி குறித்து நம்மிடையே எழுதப்படுவன பெரும்பாலும் கலைத்திட்டத்தையும் உளவியற் கோட்பாடுகளையும் சுற்றியே அமைகின்றன. பயிற்சியின் இறுதியாண்டில் ஓர் இளைஞரோ யுவதியோ எத்தகைய பாடசாலைக்கு அனுப்பப்படுகிறார், அங்கே எந்த வகுப்பு அவர் கையில் ஒப்படைக்கப்படுகிறது, அவ்வாண்டு முடிந்தபின் தொழில் கிடைக்கும்வரை அவர் என்ன செய்கிறார் என்னும் வினாக்கள் நிருவாக விவகாரங்களாகக் கருதப்பட்டு ஒதுக்கப்பட்டுவிடுகின்றன. நாம் இங்கு அவற்றைக் கல்வியியல் வினாக்களாகவே எடுத்துக்கொள்கிறோம். தரம் 6 முதல் 9 வரையான கனிட்ட இடைநிலை வகுப்புகளில், சிறப்பாக மலையகத் தோட்டப் பகுதிப் பாடசாலைகளில், பிள்ளைகள் எதைக் கற்கிறார்கள், எதைக் கற்காமலே மேல்வகுப்புக்குச் செல்கிறார்கள் என்பதை நிருணயிப்பதில் இவ்வினாக்களுக்குப் பெரும் பங்குண்டு.

தேசிய கல்வியியற் கல்லூரிகள் 1986 ஆம் ஆண்டின் சட்டத்தின் வழி நிலைபெற்றவை. க.பொ.த. உயர்தரப் பெறுபேறுகளின் அடிப்படையிற் சேர்த்துக்கொள்ளப்படுவோர் ஈராண்டு விடுதியிலிருந்து கற்று, மூன்றாம் ஆண்டு முழுவதையும் ஒரு பாடசாலையிற் கற்பித்தற் பயிற்சியிற் கழித்தல் இவற்றின் முறையாகும். அதற்கு முற்பட்ட ஆசிரிய கலாசாலைகளிலே ஏற்கெனவே நியமனம் பெற்றுப் பல ஆண்டு கற்பித்தவரே பயிற்சிக்கு வந்தனர். கற்பித்தலில் இறங்குவதற்கு முன்னர் பயிற்சி என்னும் இம்மாற்றம் அடிப்படையில் முற்போக்கானதே. மலையகத்துக்கெனப் பத்தனையில் 1990 களின் முற்பகுதியில் ஜேர்மனியின் உதவியுடன் தோன்றிய ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரியின் வழியாகத் தோட்டப் பிள்ளைகள் தம் சமூகத்துக்கே ஆசிரியராகத் திரும்பும் பாதையொன்று திறந்தது என்பதையும் குறைத்து மதிப்பிடுதல் கூடாது.

ஆயினும், மூன்றாம் ஆண்டிலே பயிலுநர் சென்றடையும் பாடசாலையின் வரலாறு வேறு. 1920 ஆம் ஆண்டின் கல்விச் சட்டம் தோட்டப் பிள்ளைகளுக்குத் தாய்மொழிக் கல்வி வழங்கும் பொறுப்பைத் தோட்டத்தின்மீது சுமத்தியபோது 6 முதல் 10 வரையான வயதினரையே அது கருத்திற் கொண்டது. கொழுந்தெடுப்போரின் பிள்ளைக்கு எழுத்தறிவுக்கு மேல் ஏதும் வேண்டியதில்லை என்பது துரைமாரின் கணக்கு. 1977 முதற் கட்டங் கட்டமாக இப்பாடசாலைகளை அரசாங்கம் பொறுப்பேற்ற பின்னரே ஆறாம் தரத்துக்கு மேற்பட்ட வகுப்புகள் அங்கே பரவலாக உருவாயின. எனவே தோட்டப் பாடசாலையின் இடைநிலைப் பிரிவு வயதில் மிக இளையது. பல வீடுகளில் எட்டாம் தரம் படிக்கும் பிள்ளையே குடும்பத்தில் அதிகம் படித்தவர். வீட்டிற் பாடஞ் சொல்லிக்கொடுக்க வல்லவர் வேறெவருமிலர்.

இத்தகைய பாடசாலையின் அதிபர் ஆண்டுத் தொடக்கத்தில் நேரசூசி வரைவதை எண்ணிப் பார்ப்போம். அவர் முன் இரண்டு பொதுப் பரீட்சைகள் நிற்கின்றன: ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் ஒன்று, பதினோராம் தரத்தின் சாதாரண தரம் மற்றொன்று. வலயக் கல்விப் பணிமனை கேட்பதும், பெற்றோர் பேசிக்கொள்வதும், பத்திரிகையிற் படத்துடன் வருவதும் இவ்விரண்டின் பெறுபேறுகளே. அனுபவமிக்க ஆசிரியர் இருவரோ மூவரோ இருப்பின் அவர்களை இவ்விரு முனைகளிலும் நிறுத்துவதைத் தவிர அவருக்கு வேறு வழியில்லை. இடையிலுள்ள நான்கு ஆண்டுகளைப் பொதுப் பரீட்சை எதுவும் எட்டிப் பார்ப்பதில்லை. (ஒன்பதாம் தர முடிவில் ஒரு பொதுப் பரீட்சை 1972 சீர்திருத்தத்தின் பேறாக 1975 இல் நடைமுறைக்கு வந்து, 1977 இன் ஆட்சி மாற்றத்தோடு கைவிடப்பட்டது. அதை மீட்க வேண்டுமென்பது எமது வாதமன்று.) ஆகவே பயிலுநருக்குக் கிடைப்பது ஏழாம் தரமும் எட்டாம் தரமுமே. வராத ஆசிரியரின் பாடவேளைகளை நிரப்பும் பொறுப்பும் அவருக்கே வந்து சேரும். கணிதம் பயின்று வந்தவர் குடியியலையும் சுகாதாரத்தையும் பார்த்துக்கொள்ளுமாறு பணிக்கப்படுவது புதுமையன்று.

அவ்வகுப்பிலிருப்பவர் யாவர்? புலமைப்பரிசிலிற் சித்தியெய்திய சிலர் பட்டினத்துப் பாடசாலைக்குப் போய்விட்டனர். எஞ்சியோர் பல ஆரம்பப் பாடசாலைகளிலிருந்து வந்து சேர்ந்தவர்கள். வகுப்பேற்றம் தானாக நிகழ்வதால், எழுத்துக்கூட்டி வாசிப்பவரும் சரளமாக வாசிப்பவரும் ஒரே வாங்கில் அமர்ந்திருப்பர். பாடநூல் திசைகொண்ட எண்களைப் பேசும். வகுப்பிற் பாதிப்பேர் மீதி வரும் வகுத்தலிலேயே தடுமாறுவர். கட்டாயக் கல்வி 1998 இல் 5 முதல் 14 வயதுவரை நடைமுறைக்கு வந்து, 2016 இல் மேலெல்லை 16 ஆக உயர்த்தப்பட்டது. இது வரவேற்கத்தக்கதே. எனினும் முன்னர் இடைவிலகியிருக்கக்கூடிய பிள்ளையை வகுப்பில் வைத்திருக்கச் சொல்லும் சட்டம், வகுப்பில் அவருக்கு என்ன கற்பிப்பது என்பதை ஆசிரியரிடம் விட்டுவிடுகிறது. அவ்வாசிரியர் பயிலுநராயிருப்பதுதான் சிக்கல். தாய் காலையில் மலைக்குச் செல்ல, தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்வதற்காக வாரத்தில் இருநாள் நின்றுவிடும் சிறுமியும், மழைக்காலத்திற் பாதை வழுக்கும் நாள்களில் வராதோரும் வரவுப் பதிவேட்டிற் சிறு சிறு இடைவெளிகளாகவே தென்படுவர்.

பின்வாங்கில் எழும் கூச்சலுக்கும் சண்டைக்கும் பணியாமைக்கும் இப்பின்னணியிலேயே விளக்கம் காண வேண்டும். பயிலுநர்கள் பெரும்பாலும் இதை முதற்றவணை முடிவதற்குள் உணர்ந்துகொள்கின்றனர். பிரம்பை எடுப்பதா, பாடநூலை மூடிவைத்து மூன்றாம் தரத்து வாசிப்பிலிருந்து தொடங்குவதா என்னும் தெரிவு அவர்கள் முன் நிற்கிறது. இரண்டாவதைத் தெரிந்துகொள்வோருக்குப் பயிற்சி முறையே தடையாகின்றது. கல்லூரியிலிருந்து மேற்பார்வைக்கு வருபவர் காண விரும்புவது பாடக்குறிப்பில் எழுதப்பட்ட தேர்ச்சி, நேரத்துக்கு முடியும் பாடம், வர்ணக் கடதாசியிற் செய்த கற்பித்தற் சாதனம், குழுச் செயற்பாடு. அன்று வகுப்பும் அதற்கேற்ப ஒழுங்குபடுத்தப்படும். வாசிக்கத் தெரிந்த ஐவர் முன்வரிசைக்கு வருவர். புள்ளியும் கிடைக்கும். மேற்பார்வையாளர் வராத நூற்றுக்கு மேற்பட்ட நாள்களில் நடந்தது புள்ளித்தாளில் இடம்பெறுவதில்லை. செயல்நிலை ஆய்வென ஒன்று கட்டாயமாக உண்டெனினும், அது கட்டி ஒப்படைக்கப்பட்டுக் கல்லூரி அலுமாரியில் அடங்கிவிடுகிறது. ஒரு பிள்ளையின் வாசிப்பை ஓராண்டு உற்றுநோக்கி எழுதிய குறிப்பு அப்பிள்ளை படிக்கும் பாடசாலையில் இருப்பதில்லை என்பது விந்தையான நிலைமை.

ஆண்டு முடிகிறது, பயிலுநர் விடைபெறுகிறார். இறுதிப் பரீட்சை, பெறுபேறு, வெற்றிடக் கணக்கெடுப்பு, நியமனக் கடிதம் என்பன ஒன்றன்பின் ஒன்றாக வரவேண்டும். இவற்றிடையே நீளும் காலம் தொகுதிக்குத் தொகுதி வேறுபடுகிறது. கல்வியியற் கல்லூரி டிப்ளோமாதாரிக்கு நியமனம் பெரும்பாலும் உறுதி. எப்போது, எங்கே என்பவையே உறுதியற்றவை. காத்திருக்குங் காலத்தில் அவர் பட்டினத்துத் தனியார் வகுப்புகளிலோ சர்வதேசப் பாடசாலைகளிலோ கற்பிக்கிறார். பின்னவை கம்பனிச் சட்டத்தின்கீழ்ப் பதிவுபெற்ற வணிக நிறுவனங்களாதலின் சம்பளம் பேசித் தீர்க்கப்படுவது. அரசாங்கப் பணத்தில் மூன்றாண்டு பயின்ற திறன், அதனை மிகக் குறைவாகத் தேவைப்படுத்தும் பிள்ளைகளிடம் முதலிற் சென்று சேர்கிறது.

பல்கலைக்கழகப் பட்டதாரியின் நிலை இதற்குத் தலைகீழானது. அவருக்குத் தொழில் முன்னும் பயிற்சி பின்னுமாக அமைகிறது, தொழிலோ உறுதியற்றது. 1971 ஏப்ரிற் கிளர்ச்சியை அடுத்து வந்த சர்வதேசத் தொழில் தாபனத்தின் டட்லி சீயர்ஸ் குழு, கல்வி ஊட்டிய எதிர்பார்ப்புக்கும் நாட்டிலுள்ள தொழில் வாய்ப்புக்கும் இடையிலான பொருத்தமின்மையைத் தன் அறிக்கையின் மையமாக்கியது. அரை நூற்றாண்டு கழிந்தும் பட்டதாரியின் பார்வை அரசாங்க உத்தியோகத்தையே நாடி நிற்கிறது. 2017 இல் வடக்கிலும் கிழக்கிலும் வேலையற்ற பட்டதாரிகள் மாதக்கணக்கில் வீதியோரத்தில் அமர்ந்திருந்தனர். 2020 இல் மாதம் 20,000 ரூபா படியுடன் பயிலுநராக உள்வாங்கப்பட்டோரில் கணிசமானோர் பாடசாலைகளுக்கு அனுப்பப்பட்டனர். கற்பித்தலில் ஒருநாட் பயிற்சியுமில்லாத இவர்களுக்கு ஒதுக்கப்பட்டவையும் பெரும்பாலும் அதே நடுவகுப்புகளே. தோட்டப் பாடசாலைகளுக்கென 2015 ஆம் ஆண்டளவிற் சேர்க்கப்பட்ட ஆசிரிய உதவியாளர்களோ 6,000 ரூபாவில் தொடங்கிப் பின்னர் 10,000 ரூபா பெற்றனர். அத்தொகையில் ஹற்றனிலோ பதுளையிலோ அறையெடுத்துத் தங்கிப் பஸ் கட்டணமுஞ் செலுத்தி ஒருவர் எத்தகைய ஆசிரியராயிருக்க முடியும் என்று கேட்டாக வேண்டும். மலிவு விலையில் நிரப்பப்பட்ட வெற்றிடம் வெற்றிடமாகவே எஞ்சுகிறது.

நியமனத்தையும் இடமாற்றத்தையும் ஆளும் 'கஷ்டப் பிரதேசம்', 'அதிகஷ்டப் பிரதேசம்' என்னும் பாகுபாடு இவ்விடத்து ஆராயத்தக்கது. தூரம், பாதை, போக்குவரத்து என்பன அதன் அளவுகோல்கள். இவை நியாயமானவை; எட்டுமைல் ஏறிச் செல்லும் ஆசிரியைக்குச் சலுகை வேண்டும். ஆனால் பிரதான வீதியோரத்து இரண்டாம் வகைப் பாடசாலையொன்றில் நாற்பது பேர் கொண்ட எட்டாம் தரம், அவர்களிற் பாதிப்பேர் வாசிக்கத் தெரியாதவர் எனின், அது பட்டியலிற் கஷ்டமாகக் கணிக்கப்படாது. பஸ் நிறுத்தம் அருகிலிருப்பதே அதற்குக் காரணம். அதனாற் கடினமான வகுப்பை விரும்பி ஏற்பவருக்கு எவ்வித ஏற்பிசைவும் இல்லை; இயன்ற விரைவில் அதிலிருந்து மேலே உயர்தர வகுப்புக்கோ வெளியே வேறொரு பாடசாலைக்கோ நகர்வதே தொழிலில் முன்னேற்றமெனப் படுகிறது.

எனவே மூன்று மாற்றங்களை நாம் முன்வைக்கிறோம். பயிலுநரிடம் நடுவகுப்பை ஒப்படைப்பதாயின் அனுபவமிக்க ஆசிரியர் ஒருவரின் நேரசூசியிலும் அதே வகுப்பு இருத்தல் வேண்டும். மேற்பார்வையும் அவ்விருவரையும் சேர்த்தே நடைபெறவேண்டும். செயல்நிலை ஆய்வின் ஒரு பிரதி பாடசாலையில் விடப்பட்டு, அடுத்து வருபவர் அதிலிருந்தே தொடங்க வேண்டும். மூன்றாவது சற்றுக் கடினமானது: பயிற்சியாண்டைத் திறம்பட முடித்து, அதே பாடசாலையிற் பணியாற்ற விரும்பும் டிப்ளோமாதாரிக்கு, வெற்றிடமிருப்பின், முதல் நியமனத்தை அங்கேயே வழங்கலாம். வெற்றிடம் அங்கு எப்போதும் உண்டு. பயிலுநர் அனுப்பப்பட்டதே அதனாலன்றோ! மாகாண, மத்திய நிருவாகங்களுக்கிடையே கடிதங்கள் பரிமாறப்பட வேண்டியிருக்கும். அரசியல்வாதியின் சிபாரிசுக்கு இடம் சற்றுக் குறையும். எதிர்ப்பு அப்பக்கத்திலிருந்தே முதலில் எழக்கூடும்.