உத்தேசத் தரமும் சர்வகலாசாலைப் பிரவேசமும்

இங்கிலாந்தில் ஏ லெவல் படிக்கும் மாணவர், பரீட்சை எழுதுவதற்குப் பல மாதங்கள் முன்னதாகவே யூகாஸ் என்னும் பொது அமைப்பின் வாயிலாகச் சர்வகலாசாலைகளுக்கு விண்ணப்பித்துவிட வேண்டியிருப்பதால், அவர் என்ன தரம் பெறுவார் என்று ஆசிரியர்கள் ஊகித்துக் கொடுக்கும் உத்தேசத் தரமே அம்மனுவுக்குப் பெரிய ஆதாரமாகிறது. ஏ, ஏ, பி கேட்கும் படிப்புக்கு ஏ, பி, பி என்று உத்தேசம் வந்தவுடனேயே, ‘நமக்கு இல்லை’ என்று ஒதுங்கிவிடும் பிள்ளைகள் பலர். அது தீர்ப்பல்ல, அபிப்பிராயம் என்பதையே அவர்களுக்கு முதலில் சொல்ல வேண்டும்.

அபிப்பிராயம் என்பதற்கு அத்தாட்சியும் உண்டு. லண்டன் யூனிவர்சிட்டி காலேஜைச் சேர்ந்த கில் வைனஸ் 2016ல் வெளியிட்ட ஆய்வின்படி, உத்தேசம் அப்படியே பலித்தது 16 சதவீத மாணவருக்கே. 75 சதவீதத்தினருக்கு அது உண்மைத் தரத்தைவிட உயர்வாகவே இருந்தது. ஆயினும், மிக நன்றாகத் தேறியவர்களில் வறிய குடும்பத்துப் பிள்ளைகளின் திறமையே குறைத்து மதிப்பிடப்படும் வாய்ப்பு அதிகம் என்று அதே ஆய்வு காட்டியது நெஞ்சை உறுத்தும் விஷயம்.

ஆகையால், மனு அனுப்பப்படுவதற்கு முன்பே ஆசிரியரிடம் சென்று, எதை ஆதாரமாகக் கொண்டு இந்தத் தரம் கொடுக்கப்பட்டது என்று மரியாதையாகக் கேட்பதில் தவறேதுமில்லை. ஆனால் பெற்றோரின் நிர்ப்பந்தத்துக்காக உத்தேசத்தை உயர்த்தலாகாது என்பது யூகாஸின் நெறி. எனவே மன்றாடுவதைவிட, மாதிரிப் பரீட்சையின் விடைத்தாளையும் அதன்பின் ஏற்பட்ட அபிவிருத்தியையும் மாணவரே எடுத்துக் காட்டுவதுதான் பயன் தரும்.

யூகாஸ் மனுவில் ஐந்து இடங்களைக் குறிப்பிடலாம், மருத்துவத்துக்கு நான்கே. ஐந்தையும் எட்டாத உயரத்தில் வைப்பது அபாயம். ஐந்தையும் தாழ்த்திக்கொள்வது அநீதி. ஒரு படி குறைவானவரையும் பரிசீலிப்பார்களா என்று பிரவேச அலுவலகத்துக்கு எழுதிக் கேட்கலாம். வசிக்கும் பகுதி, படித்த பள்ளி, குடும்ப நிலை ஆகியவற்றைக் கருதித் தளர்த்திய நிபந்தனை வழங்கும் சர்வகலாசாலைகள் பல இருப்பதால், அந்தச் சலுகைக்குத் தகுதி உண்டா என்பதையும் விசாரிக்க வேண்டும்.

நிபந்தனையுடன் இடம் கிடைத்தபின் ஒன்றை முதல் தேர்வாகவும் மற்றொன்றைக் காப்புத் தேர்வாகவும் ஏற்கும்போது, இரண்டுக்கும் ஒரே தரம் கேட்கும் இடங்களைக் குறித்துவிட்டால் காப்பு என்பதற்கே பொருளில்லாமற் போகிறது.

ஆகஸ்டில் முடிவு வந்து ஒரு படி தவறினாலும், இடம் மிஞ்சியிருந்தால் சர்வகலாசாலை ஏற்றுக்கொள்வதுண்டு. அன்று காலையிலேயே மாணவர் தம் யூகாஸ் எண்ணையும் மதிப்பெண் தாளையும் கையில் வைத்துக்கொண்டு தாமே தொலைபேசியில் பேச வேண்டும். தந்தையோ தாயோ பேச வேண்டுமானால், அவர்களைப் பிரதிநிதியாக மனுவில் முன்கூட்டியே பதிந்திருக்க வேண்டும். ஆங்கிலம் சரளமாக வராத நம் குடும்பங்களில் மூத்த பிள்ளையோ மாமாவோ பேசுவது வழக்கமாகையால், இதை அழுத்திச் சொல்கிறேன்.

விடைத்தாள் திருத்தத்தில் பிழை இருக்குமென்று சந்தேகித்தால், பள்ளியின் மூலம் மறுபரிசீலனை கோரி, அதைச் சர்வகலாசாலைக்கு உடனே அறிவித்துவிட வேண்டும். நிபந்தனைகளை நிறைவேற்ற வழக்கமான கெடு ஆகஸ்ட் 31. தரம் உயர்வதுபோலவே தாழவும் கூடும் என்பதை யோசித்தே கையொப்பமிட வேண்டும்.

இவையெல்லாம் கைகூடாவிடினும், ஜூலையிலேயே தொடங்கிவிடும் கிளியரிங் என்னும் ஏற்பாட்டின்கீழ் காலி இடங்களைத் தேடலாம். ஏற்கெனவே யூகாஸ் மூலம் விண்ணப்பித்தவருக்கு இதற்கென்று தனிக் கட்டணமில்லை. ‘நிச்சயமாக இடம் வாங்கித் தருகிறேன்’ என்று பணம் கேட்கும் தரகரிடம் ஒரு காசும் கொடுக்க வேண்டியதில்லை. கிளியரிங்கில் கிடைப்பதும் மனத்துக்கு ஒவ்வாவிட்டால், அடுத்த ஆண்டு உண்மைத் தரத்தைக் கையில் வைத்துக்கொண்டே விண்ணப்பிக்க உரிமையுண்டு. ஆனால் மருத்துவம் முதலிய சில படிப்புகளில் மறுமுறை பரீட்சை எழுதியவரை ஏற்காத இடங்கள் இருப்பதால், அந்த ஓராண்டைச் செலவிடத் துணியுமுன் உரிய கல்லூரியிடம் எழுத்துமூலமாகவே பதில் பெற்றுக்கொள்வது அவசியம்.