கூண்டினுள் உழைப்பு: பிரான்சிஸ் என்கானுவின் தொழில் வாழ்க்கை பற்றிய ஒரு சமூகவியல் நோக்கு

விளையாட்டை வெறும் பொழுதுபோக்காகக் கொள்வது நம்மிடையே நெடுங்காலமாக நிலவிவரும் வழக்கமாகும். இலக்கியத்தையும் அரங்கையும் அவை தோன்றிய சமூக உறவுகளின் பின்னணியில் வைத்து ஆராயத் தயங்காதவர்கள்கூட, விளையாட்டு என்று வந்ததும் தனிமனிதனின் துணிவு, திறமை, விடாமுயற்சி ஆகியவற்றை விதந்துரைப்பதோடு அமைந்துவிடுவர். ஆயின் விளையாட்டு தொழிலாகும்போது விளையாடுபவன் உழைப்பாளியாகிறான். அவனது உழைப்பு எந்த நிபந்தனைகளின்கீழ் விற்கப்படுகிறது, அதன் பயன் யாரைச் சென்றடைகிறது என்னும் வினாக்கள் அப்போது தவிர்க்க முடியாதவையாகின்றன. இவற்றைத் தெளிவுபடுத்திக்கொள்வதற்குக் கமரூன் நாட்டவரான பிரான்சிஸ் என்கானுவின் வாழ்க்கை தக்கதோர் எடுத்துக்காட்டாகும்.

என்கானு 1986ஆம் ஆண்டு கமரூனின் மேற்குப் பகுதியிலுள்ள பாற்றியே என்னும் ஊரில் பிறந்தவர். வறுமை காரணமாகச் சிறுவயதிலேயே மணல் அகழும் குழிகளிற் கூலிவேலை செய்தார். தமது இருபத்திரண்டாம் வயதளவிலேயே குத்துச்சண்டை பயிலத் தொடங்கினார். 2012இல் நாட்டை விட்டுப் புறப்பட்டு, நைஜீரியா, நைஜர், அல்ஜீரியா ஆகிய நாடுகளைக் கடந்து மொறோக்கோவை அடைந்தார். அங்கிருந்து கடல்வழியாக ஸ்பெயினை அடைந்தபோது ஏறத்தாழ இரண்டு மாதங்கள் தடுத்துவைக்கப்பட்டார். 2013இல் பாரிஸ் சேர்ந்தபோது அவருக்குத் தங்குவதற்கு இடமிருக்கவில்லை. தெருவில் உறங்கிய அம்மனிதரை அங்கிருந்த பயிற்சிக்கூடம் ஒன்று ஏற்றுக்கொண்டது. உழைக்கும் உடலைத் தவிர விற்பதற்கு வேறெதுவும் இல்லாதவன் என்று அரசியற் பொருளாதாரம் வரையறுக்கும் மனிதனை இதனினும் தெளிவாகக் காட்டுதல் அரிது. மணற்குழியில் விற்கப்பட்ட அதே உடல் வலிமையே வேறொரு சந்தையில், வேறொரு விலைக்கு, மீண்டும் விற்கப்படலாயிற்று.

அச்சந்தையின் இயல்பை இனி நோக்குவோம். குத்து, உதை, மற்போர், பிடிகளால் எதிரியைப் பணியவைத்தல் ஆகியவை ஒருங்கே அனுமதிக்கப்படும் கலப்புத் தற்காப்புக் கலைப் போட்டிகளை நடத்தும் முதன்மை நிறுவனம் அமெரிக்காவின் அல்டிமேட் ஃபைட்டிங் சம்பியன்ஷிப் (யூ.எவ்.சி.) ஆகும். இதன் முதற் போட்டி 1993இல் டென்வரில் நடைபெற்றது. 2001இல் இருபது இலட்சம் டொலருக்குக் கைமாறிய இந்நிறுவனம், 2016இல் ஏறத்தாழ நானூறு கோடி டொலருக்கு விற்கப்பட்டது. இடைப்பட்ட காலத்தில் 2007இல் ஜப்பானின் பிரைட், 2011இல் ஸ்ரைக்போர்ஸ் முதலிய போட்டி நிறுவனங்களை அது விலைக்கு வாங்கிக்கொண்டது. முதலாளித்துவப் போட்டி தன்னையே அழித்து ஏகபோகமாக மாறும் என்ற பொது விதி இங்கு பதினைந்து ஆண்டுகளுள் நிறைவேறியது. இவ்வேகபோகம் விற்பவரின் ஏகபோகம் மட்டுமன்று. வீரர்களின் உழைப்பை வாங்குவோரின் ஏகபோகமும் அதுவே. உயர்ந்த தரத்திலுள்ள வீரன் தன் உழைப்பை விற்க நாடும்போது அவனெதிரே பெரும்பாலும் ஒரே வாசல்தான் திறந்திருந்தது.

சட்டத்தின் பார்வையில் வீரன் ஊழியன் அல்லன், சுயாதீன ஒப்பந்தக்காரன். ஆதலின் ஓய்வூதியம், விடுமுறைச் சம்பளம் முதலியன அவனுக்கில்லை. பயிற்றுநருக்கும் முகவருக்கும் அவனே தன் வருவாயிலிருந்து கொடுத்தல் வேண்டும். ஊதியம் வழக்கமாக இரண்டு கூறுகளையுடையது: போட்டியிடுவதற்கு ஒரு தொகை, வென்றால் மற்றொரு தொகை. தோற்பவன் பட்ட அடி குறைவானதன்று. ஆயினும் அவனது கூலி பாதியாகிவிடும். ஒப்பந்தமோ ஒருவருக்கே கட்டுப்பட்டது. காயமுற்ற காலத்தையும் போட்டியிட மறுத்த காலத்தையும் ஒப்பந்தக் காலத்தோடு சேர்த்து நீட்டுவதற்கு அதில் இடமுண்டு. வாகை சூடியவனின் ஒப்பந்தம் தானாகவே நீடிக்கும் என்ற விதியும் உண்டு. ஆகவே வெற்றியின் உச்சியில், அதாவது பேரம்பேசும் வலிமை மிகுந்திருக்க வேண்டிய வேளையில், வீரன் மேலும் இறுகக் கட்டப்படுகிறான். குத்துச்சண்டை வீரர்களைப் பாதுகாக்க 2000ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட, முகமது அலியின் பெயர் தாங்கிய அமெரிக்கச் சட்டம் இத்துறை வீரர்களைத் தன் பாதுகாப்பினுள் கொள்ளவில்லை.

இந்நிறுவனத்திற்காக என்கானு முதன்முதற் களமிறங்கியது 2015 டிசம்பரிலாகும். 2017 டிசம்பரில் அலிஸ்ரர் ஓவரீமை ஒரே குத்தில் வீழ்த்தியதன் மூலம் உலகறியப்பட்டார். 2018 ஜனவரியில் ஸ்ரைப் மியோசிச்சிடம் தோல்வி கண்டபோதும், 2021 மார்ச்சில் அவரையே இரண்டாம் சுற்றில் வீழ்த்தி அதிபார எடைப் பிரிவின் வாகையர் ஆனார். 2022 ஜனவரி 22 அன்று, பாரிஸில் தமது பழைய பயிற்சிக்கூடத்தில் வளர்ந்த சிறில் கானை எதிர்கொண்டார். முழங்காற் தசைநார் சேதமுற்றிருந்த நிலையிலும் ஐந்து சுற்றுகள் போட்டியிட்டு வென்றார். அதன்பின் சத்திர சிகிச்சைக்கு உட்பட்டார். அப்போட்டிக்கு அவர் பெற்றதாக வெளியிடப்பட்ட தொகை ஆறு இலட்சம் டொலராகும். தனிமனிதன் ஒருவனுக்கு இது பெருந்தொகையே. ஆயின் கூலியின் அளவைத் தனித்து நோக்குதல் பொருந்தாது. அவ்வுழைப்பு உருவாக்கிய பெறுமதியோடு ஒப்பிட்டே அதனை மதிப்பிடல் வேண்டும். கூட்டுப் பேரம் பேசும் தொழிற்சங்கங்களையுடைய அமெரிக்கக் கூடைப்பந்து, காற்பந்து வீரர்கள் தத்தம் துறைகளின் வருமானத்தில் ஏறத்தாழப் பாதியைப் பெறுகையில், இந்நிறுவனத்தின் வீரர்கள் பெற்றது ஐந்திலொரு பங்கிற்கும் குறைவு என்பது நீதிமன்ற ஆவணங்களாற் புலனாயிற்று.

புதிய ஒப்பந்தம் பற்றிய பேச்சுவார்த்தையில் என்கானு பணத்தை மட்டும் கேட்கவில்லை. குத்துச்சண்டையிலும் பங்குபற்றும் உரிமை, தமக்கென விளம்பர ஆதரவாளரைத் தேடிக்கொள்ளும் உரிமை, வீரர்களுக்கு உடல்நலக் காப்புறுதி, நிர்வாகக் கூட்டங்களில் வீரர்களின் சார்பில் பேச ஒரு பிரதிநிதி ஆகியவற்றையும் கேட்டார். இறுதி இரு கோரிக்கைகளும் கவனத்திற்குரியன. அவை ஒருவனுக்கான சலுகைகள் அல்ல. ஒரு தொழிற்பிரிவு முழுவதற்குமான கோரிக்கைகள். நிறுவனமோ, அதுவரை அதிபார எடைப் பிரிவில் எவருக்கும் வழங்கப்படாத பெருந்தொகையைத் தான் முன்வைத்ததாகக் கூறியது. இவ்விரு கூற்றுக்களும் ஒன்றையொன்று மறுப்பன அல்ல. பணத்தைக் கூட்டிக் கொடுப்பதற்கு மூலதனம் சில வேளைகளில் இணங்கும். அதிகாரத்தைப் பகிர்ந்துகொள்வதற்கு இலகுவில் இணங்காது. 2023 ஜனவரியில் என்கானு வாகையர் பட்டத்தைத் துறந்து வெளியேறினார்.

அவ்வாண்டு மே மாதம் புரொபெஷனல் ஃபைட்டர்ஸ் லீக் என்ற நிறுவனத்துடன் அவர் உடன்பட்டார். தம்மை எதிர்த்துப் போட்டியிடுபவருக்குக் குறைந்தது இருபது இலட்சம் டொலர் வழங்கப்படல் வேண்டும் என்பதும் நிபந்தனைகளுள் ஒன்று. தன் எதிரியின் கூலிக்காக வாதாடிய போராளி என்ற முறையில் இது குறிப்பிடத்தக்கது. 2023 ஒக்ரோபர் 28 அன்று ரியாத்தில் குத்துச்சண்டை வாகையர் ரைசன் பியூரியை எதிர்த்தார். மூன்றாம் சுற்றில் பியூரியை வீழ்த்தியபோதும், நடுவர்களின் பிளவுபட்ட தீர்ப்பினால் தோற்றார். 2024 மார்ச்சில் அன்ரனி ஜோசுவாவிடம் இரண்டாம் சுற்றிலேயே வீழ்ந்தார். அடுத்த மாதம் அவரது கைக்குழந்தை இறந்தது. 2024 ஒக்ரோபரில் மீண்டும் கூண்டினுள் இறங்கி, ரெனான் பெரேய்ராவை முதற் சுற்றிலேயே வென்றார்.

இவ்வரலாற்றை விடுதலைக் கதையாக மட்டும் வாசித்தல் எளிது. ஆயின் அவர் சென்றடைந்த களமும் மூலதனத்தின் களமே என்பதை மறத்தலாகாது. ரியாத் போட்டிகளுக்குப் பின்னால் நின்றது சவூதி அரேபியாவின் எண்ணெய்ச் செல்வமாகும். அவரது புதிய நிறுவனத்திலும் சவூதி அரச முதலீட்டு நிதியத்தின் துணை நிறுவனம் ஒன்று 2023இல் பங்கு வாங்கியது. ஓர் எசமானிடமிருந்து மற்றோர் எசமானிடம் செல்லும் உரிமை மெய்யான உரிமையே. எனினும் எசமானர்கள் ஒருவரோடொருவர் போட்டியிடும் வரையிற்றான் அதற்குப் பெறுமதி உண்டு. அதிலும், உலக வாகையர் ஒருவருக்கு வாய்த்த அவ்வுரிமை, முதற் போட்டியில் சில ஆயிரம் டொலருக்குக் களமிறங்கும் இளைஞனுக்கு வாய்ப்பதில்லை.

கூட்டு முயற்சியும் இல்லாமலில்லை. 2014 டிசம்பரில் குங் லீ முதலிய முன்னாள் வீரர்கள் ஏகபோக எதிர்ப்புச் சட்டத்தின்கீழ் யூ.எவ்.சி. மீது வழக்குத் தொடுத்தனர். இவ்வழக்கையும் பின்னர் எழுந்த மற்றொரு வழக்கையும் சேர்த்துத் தீர்க்க முன்வைக்கப்பட்ட 33.5 கோடி டொலர் உடன்பாட்டை நீதிபதி 2024 யூலையில் ஏற்க மறுத்தார். முதல் வழக்குக்கு மட்டும் 37.5 கோடி டொலர் வழங்கும் உடன்பாடு 2025 பெப்ரவரியில் இறுதி அங்கீகாரம் பெற்றது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட வீரர்கள் இதனாற் பயன்பெற உரித்துடையோராயினர். எனினும் அவ்வுடன்பாடு கடந்தகால இழப்புக்குப் பணம் கொடுத்ததேயன்றி, ஒப்பந்த முறையை மாற்றிவிடவில்லை.

எனவே நாம் இரு வழிகளை எதிரெதிரே காண்கிறோம். ஒருவன் தன் அசாதாரண வலிமையால் கதவை உடைத்து வெளியேறினான். அவன் பின்னே கதவு மூடிக்கொண்டது. பலர் ஒன்றுகூடிப் பத்தாண்டு வழக்காடினர். இழப்பீடு பெற்றனர், ஆனால் சங்கமொன்றைக் கட்டியெழுப்பவில்லை. என்கானு கேட்ட பிரதிநிதி என்பது இவ்விரண்டிற்கும் இடையே இன்னும் நிரப்பப்படாத இடமாகும். கூண்டினுள் இருவராக நின்று ஒருவரையொருவர் தாக்குபவர்கள் கூண்டிற்கு வெளியே ஒரே வர்க்கத்தவர் என்பதை அவர்களது தொழிலே நாள்தோறும் மறைக்கிறது. அம்மறைப்பை அகற்றுவது எந்தத் தனிவீரனின் குத்தினாலும் ஆகக்கூடியதன்று.