ஆயில் இன்ஜின் சூடேறி இறுகுவது ஏன்?



பிசானப் பயிர் கதிர் வாங்குகிற நேரம். கடைமடையில் வாய்க்கால் தண்ணி வயலுக்கு ஏறவில்லை. ஆயில் இன்ஜின் வைத்துத்தான் இறைக்க வேண்டும். அந்த நேரம் பார்த்து இன்ஜின் சூடேறி இறுகிவிட்டால், ரிப்பேர்ச் செலவு ஒரு பக்கம். பயிர் சாவியாகிற நஷ்டம் ஒரு பக்கம்.

நாம் ஊற்றுகிற டீசலில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் வேலைக்கு ஆகிறது. மீதிச் சூடு புகையோடும், சிலிண்டர் வழியாகவும் வெளியே போயாக வேண்டும். போக வழியில்லாவிட்டால் ஆயில் நீர்த்துவிடும். பிஸ்டன் விரிந்து சிலிண்டரைப் பிடித்துக்கொள்ளும்.

காற்றால் குளிரும் இன்ஜினை முதலில் பார்ப்போம். பயிருக்கு மருந்து தெளிக்க எச்.ஏ.எல். நிறுவனம் செய்த 'பசந்த்' என்ற சிறு விமானம் 1972-ல் முதன்முதலாகப் பறந்தது. அதன் இன்ஜின் 400 குதிரைசக்தி. அத்தனை பெரிய இன்ஜினுக்கும் காற்றுதான் குளிர்ச்சி. சிலிண்டரைச் சுற்றி வரிவரியாகத் தகடுகள் இருக்கும். வருகிற காற்றை அவற்றின் நடுவே திருப்பிவிட மறைப்புத் தகடுகளும் உண்டு. வரப்பு உடைந்தால் தண்ணி வேறு வயலுக்குப் போகிற மாதிரி, மறைப்பு விலகினால் காற்று வேறு வழியாகப் போய்விடும், சிலிண்டர் காயும். நின்றிருக்கும் சிறு விமானத்தின் இன்ஜின் மூடிக்குள் குருவி கூடு கட்டினாலும் இதே கதைதான்.

நம்ம இன்ஜினும் அப்படித்தான். 'காற்றோட்டமா இருக்கட்டும்' என்று சிலர் தகர மூடியைக் கழற்றிப் போடுகிறார்கள். அது தப்பு. விசிறிக் காற்றைச் சிலிண்டர்மேல் கொண்டுபோய்ச் சேர்ப்பதே அந்த மூடிதான். தகடுகளின் இடுக்கில் வைக்கோல் தூசும் ஆயில் பிசுக்கும் அடையாமல் துடையுங்கள். இன்ஜினைச் சுவரை ஒட்டி வைக்காதீர்கள்.

தண்ணியால் குளிரும் இன்ஜின் என்றால், சின்னக் குழாயில் சேறும் பாசியும் அடைக்கும். உப்பு, சுண்ணாம்பு உள்ள கிணற்றுத் தண்ணி என்றால், வெந்நீர்ப் பானையில் படிகிற மாதிரி உள்ளே காரை கட்டும். அது சூட்டை வெளியே விடாது. ஆகவே இறைக்கும்போது, குளிர்ச்சித் தண்ணி வெளியே விழுகிறதா என்று அடிக்கடி பாருங்கள்.

இழுவை குறைவது, கரும்புகை, தீய்ந்த வாடை, இவையெல்லாம் சூடு மிஞ்சுவதற்கு அடையாளம். உடனே பாரத்தைக் குறையுங்கள். குளிர்ச்சித் தண்ணி அடியோடு நின்றிருந்தால் இன்ஜினை நிறுத்திவிடுங்கள். பதறிப்போய்ப் பச்சைத் தண்ணியை மேலே ஊற்றினால் சிலிண்டர் ஹெட் வெடிக்கும். ரேடியேட்டர் இருந்தால் சூட்டோடு மூடியைத் திறக்காதீர்கள். கொதிநீர் முகத்தில் அடிக்கும். தானாக ஆறட்டும். அடைப்பை நீக்கி, ஆயில் அளவையும் பார்த்த பிறகு ஓட்டுங்கள்.

ஹேண்டிலைச் சுற்றும் முன் ஆயில், தண்ணி, காற்றுப் பாதை மூன்றையும் ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.