ஏலத்துல 6,600 ரூபாய், கைக்கு வரும்போது 18,562: பழைய கம்ப்யூட்டர் வாங்கும் முன் ஒரு கணக்கு

வீடியோல பத்து நிமிஷத்துல ஓட்டிட்டுப் போன விஷயத்தை இங்க நிதானமா, கணக்கோட எழுதுறேன். எண்கள் வர்ற இடத்துலதான் பாதிப் பேர் ஸ்கிப் பண்றீங்க. எழுத்துல அது முடியாது!

மத்தளம்பாறையில ஜோஹோ ஆபீஸ் வந்த பிறகு, சென்னைக்கோ பெங்களூருக்கோ போகாமலே சாஃப்ட்வேர் சம்பளம் வாங்குற ஒரு கூட்டம் தென்காசியைச் சுற்றி இருக்கு. வீட்டுச் சாப்பாடு, வாடகை மிச்சம், லீவு நாள்ல ஐந்தருவியில ஒரு குளியல். மாசக் கடைசியில கையில காசு நிக்கும். நிக்கிற காசுக்கு ஆசை காட்டுற விஷயங்களுக்கா பஞ்சம்? கோட் எழுதுறவங்களுக்கு அதுல ஒண்ணு, 1980-கள்ல வந்த ஹோம் கம்ப்யூட்டர்கள். ஸ்பெக்ட்ரம், கமடோர் 64, பிபிசி மைக்ரோ. 48 கேபி மெமரியில ஒரு முழு கேமை எப்படி அடக்குனாங்கன்னு தொட்டுப் பார்க்கணும்ங்கற ஆசை. நல்ல ஆசைதான், நான் குறை சொல்லல. ஆனா "இது இன்வெஸ்ட்மென்ட் ப்ரோ, விலை ஏறிக்கிட்டே போகும்"னு யாராவது சொன்னா, அங்க கொஞ்சம் நிப்போம்.

ஏறுன கதை எப்பவும் ஆப்பிள்-1 கதைதான். 1976-ல 666.66 டாலருக்கு வித்த மெஷின், 2014-ல போன்ஹாம்ஸ் ஏலத்துல 9,05,000 டாலருக்குப் போச்சு. 38 வருஷத்துக்குக் கணக்குப் போட்டா, வருஷத்துக்குச் சுமார் 21 சதவீதம். கேட்டா வாய் ஊறும். ஆனா ஆப்பிள்-1 செஞ்சதே சுமார் 200 தான். கமடோர் 64 ஒரு கோடிக்கு மேல வித்த மெஷின். உங்க பட்ஜெட்டுக்குள்ள வர்றது எல்லாமே இந்த ரெண்டாவது ரகம். 48கே ஸ்பெக்ட்ரம் 1982-ல வந்தப்போ விலை 175 பவுண்டு. இன்னைக்கு ஓடுற நிலையில இருக்குற சாதாரண பீஸ் ஒண்ணு அந்த 175-ஐ எட்டுறதே கஷ்டம். அதே காலத்துல இங்கிலாந்துல விலைவாசி மூணு மடங்குக்கு மேல ஏறியிருக்கு. அப்போ இது வளர்ந்த காசா, தேய்ஞ்ச காசா?

ஏலம் நமக்குப் புதுசில்லை, ஆனா இது வேற ஏலம்

பாவூர்சத்திரம் மார்க்கெட் பக்கம் வளர்ந்தவங்களுக்கு ஏலம் தெரியும். அங்க மூட்டையைப் பிரிச்சுப் பார்க்கலாம், ஒரு கத்தரிக்காயை எடுத்து உடைச்சே பார்க்கலாம். சொத்தைன்னா யாரும் விலை ஏத்த மாட்டாங்க. ஆன்லைன் ஏலத்துல உங்ககிட்ட இருக்கறது நாலஞ்சு போட்டோவும், விக்கிறவர் எழுதின நாலு வரியும்.

ஈபே மாதிரி இடத்துல ஏலம் ஓடுற விதத்தைத் தெரிஞ்சுக்கோங்க. நீங்க உங்க அதிகபட்ச விலையை ரகசியமா போடுறீங்க. அடுத்தவர் ஏத்த ஏத்த, சிஸ்டமே உங்களுக்காக ஒவ்வொரு படியா ஏத்தும். நீங்க 80 பவுண்டு போட்டு, அடுத்த பெரிய ஆள் 58-ல நின்னுட்டா, உங்களுக்கு விழறது 58-க்கு ஒரு படி மேல, அவ்வளவுதான். ரெண்டாவது பெரிய கேள்விதான் விலையைத் தீர்மானிக்குதுங்கற இந்த மாதிரி ஏலத்தை 1961-லயே வில்லியம் விக்ரி அலசி எழுதினார். 1996-ல பொருளாதார நோபல் வாங்கினவர். அவர் கணக்குப்படி, பொருள் உங்களுக்கு உண்மையிலேயே எவ்வளவு பெறுமோ அதை ஒரே தடவை போட்டுட்டு நகர்றதுதான் சரி. நாம செய்யறது என்ன? 40 போடுறோம், "அவுட்பிட்"னு மெயில் வருது, மானம் போன மாதிரி 45, 52, 60... நள்ளிரவு வரை போனைக் கையில வச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்கோம். அந்த நேரத்துல நீங்க வாங்குறது கம்ப்யூட்டர் இல்ல, ஜெயிப்பு.

இன்னொண்ணு. அமெரிக்காவுல எண்ணெய் வயல் ஏலத்துல ஜெயிச்ச கம்பெனிகள் ஏன் நினைச்ச லாபம் பார்க்கலைன்னு மூணு பெட்ரோலியம் இன்ஜினியர்கள் 1971-ல எழுதினாங்க. பொருளோட நிலைமை யாருக்கும் சரியா தெரியாத ஏலத்துல, ஜெயிக்கிறவர்தான் எல்லாரையும் விட அதிகமா மதிப்பு போட்டவர். ஜெயிச்சவரோட சாபம்னு இதுக்குப் பேர். "அன்டெஸ்டட்"னு போட்டிருக்குற மெஷினுக்கு இது அப்படியே பொருந்தும். "பவர் கேபிள் இல்ல, அதனால செக் பண்ணல"ன்னு எழுதியிருந்தா, ஓடலைன்னே வச்சுக்கிட்டு விலை போடுங்க.

இப்போ அந்தக் கணக்கு

இங்கிலாந்துல இருந்து ஒரு ஸ்பெக்ட்ரம், 60 பவுண்டுக்கு விழுந்ததா வச்சுக்குவோம். பவுண்டு 110 ரூபாய்னா 6,600. ஷிப்பிங் 35 பவுண்டு, அது 3,850. ஆக 10,450 ரூபாய். கிரெடிட் கார்டுல வெளிநாட்டுப் பணத்துக்கு 3.5 சதவீதம் மார்க்கப், அது மேல 18 சதவீதம் ஜிஎஸ்டி, ரெண்டும் சேர்ந்து சுமார் 432. கஸ்டம்ஸ் ட்யூட்டியும் வரியும் கணக்குக்காக 40 சதவீதம்னு வைங்க. நிஜ ரேட் பட்ஜெட்டுக்கு பட்ஜெட் மாறும், வாங்குற நாள்ல பாருங்க. கவனிக்க வேண்டியது, அது ஏல விலைக்கு மட்டும் இல்ல, ஷிப்பிங்கும் சேர்ந்த தொகைக்கு. அதாவது 4,180. கூரியர்காரங்க வாங்குற கிளியரன்ஸ் சார்ஜ் 1,000. கீபோர்டு மெம்பிரேனும் கெப்பாசிட்டரும் மாத்த 2,500. மொத்தம் 18,562 ரூபாய். ஏல விலையைப் போல கிட்டத்தட்ட 2.8 மடங்கு.

அதனால கணக்கைத் தலைகீழாப் போடுங்க. கையில 12,000 தான் செலவு பண்ண முடியும்னா, மத்த செலவையெல்லாம் முதல்ல கழிங்க. மிச்சம் என்னவோ அதுதான் உங்க அதிகபட்ச கேள்வி. மேல சொன்ன கணக்குல 12,000-ஐ வச்சுப் பாருங்க, ஏலத்துக்கு மிஞ்சறது 20 பவுண்டு கூட இல்ல.

இந்தக் காசை கார்டுல மினிமம் கட்டி இழுத்தீங்கன்னா, மாசம் 3.5 சதவீதம் வட்டி, வருஷத்துக்கு 42. இதுக்கு மேல நான் சொல்லணுமா?

இதுல இன்னும் பெரிய விஷயத்தை விட்டுட்டேன், வேணும்னேதான். வெளிநாட்டு வர்த்தகக் கொள்கை 2023-ன்படி, பயன்படுத்தின பெர்சனல் கம்ப்யூட்டர், லேப்டாப் எல்லாம் கட்டுப்பாட்டுப் பட்டியல்ல இருக்கு. டிஜிஎஃப்டி அனுமதி இருந்தாதான் இறக்குமதி. "40 வருஷப் பழசு சார், மியூசியம் பொருள்"னு நீங்க சொல்லலாம். பார்சலைத் திறக்கிற அதிகாரிக்கு அது ஒரு பழைய கம்ப்யூட்டர். நிறுத்தி வைக்கலாம், பறிமுதல் பண்ணலாம், அபராதம் கட்டி எடுத்துட்டுப் போன்னும் சொல்லலாம். சிலருக்கு எதுவும் ஆகாம வந்து சேருது, உண்மைதான். ஆனா அவங்க அதிர்ஷ்டம் உங்க பட்ஜெட் ஆகாது. கிஃப்ட்னு எழுதச் சொல்ற ஐடியாவும் வேண்டாம். வரியில்லாம கிஃப்ட் வர்ற வழியை 2019 டிசம்பர்லயே அடைச்சுட்டாங்க. விலையைக் குறைச்சு எழுதறது பொய்க் கணக்கு, அது தனிச் சிக்கல்.

உள்ளூர்ல தேடுங்க

ஒரு காலத்துல இதுக்கு நம்ம நாட்டுலயே ஏலத் தளம் இருந்துச்சு. 2000-ல வந்த பாஸீ டாட் காம். 2004-ல ஈபே வாங்குச்சு. 2018 ஆகஸ்ட்ல ஈபே இந்தியா தளத்தையே மூடிட்டாங்க. இப்போ ஓஎல்எக்ஸ், ஃபேஸ்புக் மார்க்கெட்பிளேஸ்னு பேரம் பேசி வாங்குற இடங்கள்தான். பேரம்னா இன்னும் நல்லது, நள்ளிரவு ஜுரம் கிடையாது.

தேட வேண்டிய பேர்களும் நம்ம ஊர்ப் பேர்களே. 1984-ல மத்திய அரசு பள்ளிகளுக்காக கிளாஸ்னு ஒரு கம்ப்யூட்டர் கல்வித் திட்டம் ஆரம்பிச்சுது. அதுல போனது பிபிசி மைக்ரோ. மொஹாலியில இருந்த அரசு நிறுவனம் செமிகண்டக்டர் காம்ப்ளெக்ஸ், அதையே லைசென்ஸ் வாங்கி எஸ்சிஎல் யூனிகார்ன்னு இங்க செஞ்சுது. டெசிபெல்ஸ்னு ஒரு கம்பெனி 1986-ல ஸ்பெக்ட்ரம் பிளஸ்ஸை டிபி ஸ்பெக்ட்ரம்னு விட்டுது. உங்க பழைய ஸ்கூல் ஸ்டோர் ரூம்ல அப்படி ஒண்ணு தூங்கிட்டு இருந்தாலும் ஆச்சரியம் இல்ல. ஆனா தலைமை ஆசிரியர்கிட்ட 500 ரூபாய் கொடுத்துத் தூக்கிட்டு வர முடியாது. அரசுப் பொருள் கழிவு முறைப்படிதான் போகும். மின்கழிவுன்னா பதிவு பெற்ற மறுசுழற்சி நிறுவனத்துக்குத்தான். ரிட்டயர்டு வாத்தியார், இன்ஜினியர் வீட்டுப் பரண் வேற கதை. அது அவங்க சொந்தப் பொருள். மரியாதையா கேளுங்க, "ஐயா, அந்தப் பழைய கீபோர்டு பெட்டி இருக்கா?"

அப்புறம், குற்றாலம் பக்கம் இருக்குறவங்களுக்கு மட்டும் ஒரு எக்ஸ்ட்ரா செலவு: சாரல். ஜூன்ல இருந்து ஆகஸ்ட் வரை துணியே காயாது, இதுல 40 வருஷ எலெக்ட்ரானிக்ஸ்! பிபிசி மைக்ரோ பவர் சப்ளைக்குள்ள ரிஃபான்னு ஒரு கம்பெனியோட பேப்பர் கெப்பாசிட்டர் இருக்கும். மேல் பூச்சு விரிசல் விட்டு ஈரத்தை உறிஞ்சும். ஒரு நாள் ஸ்விட்ச் போட்டதும் டப்புனு வெடிச்சு வீடு முழுக்கப் புகை. ஃபிளாப்பி டிஸ்க்ல பூஞ்சை பிடிக்கும், அதைப் படிக்க விட்டா டிரைவ் ஹெட்டும் நாறும். கேமரா லென்ஸ் வச்சிருக்கவங்க பயன்படுத்துற ட்ரை பாக்ஸ், சிலிக்கா ஜெல், இதையெல்லாம் மெஷின் விலையோட சேர்த்துக்கோங்க.

வித்துடலாம்னு நினைச்சா? தென்காசி கடைவீதியில ஒரு கிராம் தங்கத்தைப் பத்து நிமிஷத்துல காசாக்கலாம். ஒரு கமடோரைக் காசாக்க, அதைத் தெரிஞ்ச, ஆசைப்படுற, இப்போ காசு வச்சிருக்குற ஒருத்தரை நாடு முழுக்கத் தேடணும். அப்புறம் உடையாம பார்சல் பண்ணணும். அவசரத்துக்கு வித்தா பாதி விலை போனாலே பெரிசு. அதனால இது எஸ்ஐபி பக்கத்துல வர வேண்டிய வரி இல்ல. டூர், சினிமா பக்கத்துல வர வேண்டிய வரி. ஆறு மாசச் செலவுக்கான எமர்ஜென்சி பணம் தனியா இருந்து, மாசம் 1,500 இதுக்குன்னு ஒதுக்கினா, வருஷத்துக்கு 18,000. ஒரு நல்ல மெஷின். எனக்கு அது போதும்னு படுது, வீட்டுல இடமும் வேணும்ல.

ஆசை நிஜமா, வெறும் போட்டோ மயக்கமான்னு காசில்லாம சோதிக்கவும் வழி இருக்கு. ஸ்பெக்ட்ரத்துக்கு ஃப்யூஸ், கமடோருக்கு வைஸ், ரெண்டுமே இலவச எமுலேட்டர். ரெண்டு மாசம் அதுல பேசிக் எழுதிப் பாருங்க. கையில பிடிக்க வேணும்னா 2024 நவம்பர்ல வந்த புது "தி ஸ்பெக்ட்ரம்" மாதிரி ரீமேக்குகள் இருக்கு. புதுப் பொருள்ங்கறதால, பழைய கம்ப்யூட்டருக்கான அந்தக் கட்டுப்பாடு இதுக்கு வராது.

இவ்வளவுக்கும் அப்புறம் வாங்கிட்டீங்கன்னா, பார்சல் பிரிக்கிறதை வெட்டாம ஒரே வீடியோவா எடுங்க. ஈபேன்னா, கைக்கு வந்து 30 நாளைக்குள்ள புகார் போடணும். ஆர்வத்துல உடனே பிளக் மாட்டாதீங்க. அமெரிக்க மெஷின்னா அது 110 வோல்ட்டுக்குச் செஞ்சது, நம்ம 230-ல நேரா போட்டா அன்னைக்கே கதை முடிஞ்சது. கமடோர் 64-ன்னா அதோட பழைய அடாப்டரைத் தொடவே வேண்டாம். அது கெட்டுப் போகும்போது 5 வோல்ட் லைன்ல அதிகமா தள்ளி, மெமரி சிப்பையெல்லாம் கொன்னுட்டுத்தான் சாகும். புது அடாப்டர் வாங்குங்க, இல்லேன்னா தெரிஞ்ச மெக்கானிக்கிட்ட கொடுத்து மல்டிமீட்டர் வச்சுப் பார்த்துட்டு, அப்புறமா ஸ்விட்சைப் போடுங்க.