தொலைக்காட்சி குழந்தைக்குத் தமிழ் சொல்லித் தருமா?

கோபர்கைரனேயில் கணவன், மனைவி இருவரும் வேலைக்குப் போகும் தமிழ்க் குடும்பங்களுக்கு மாலை ஏழு மணி ஒரு சோதனையான நேரம். வாஷியிலோ தாணேயிலோ வண்டி மாறி வீடு வந்து சேர்ந்து, குக்கரை அடுப்பில் ஏற்றுவதற்குள் இரண்டு வயசுக் குழந்தை காலைக் கட்டிக்கொள்ளும். டிவியைப் போட்டு உட்கார வைக்காமல் சமையல் நடக்காது. தாராவியிலும் மாட்டுங்காவிலும் கூட்டுக் குடும்பமாய் இருந்தவர்களுக்குப் பாட்டியோ அத்தையோ கைகொடுத்தார்கள். இங்கே அது பலருக்கு இல்லை. ஆகவே டிவி பார்க்க விடுவதே குற்றம் என்று சொல்வதற்கில்லை. ஆனால் நம்மவர்கள் இதற்கு ஒரு சமாதானம் சொல்வதுண்டு: "தமிழ் சேனல்தானே போடறோம், புள்ள தமிழாவது கத்துக்கும்." அது சரிதானா?

அமெரிக்காவில் சியாட்டில் நகரின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் பட்ரீசியா குல் என்ற அறிஞரும் அவர் குழுவினரும் 2003-இல் ஓர் ஆய்வை வெளியிட்டனர். ஆங்கிலம் பேசும் வீடுகளைச் சேர்ந்த 9 மாதக் குழந்தைகளுடன், சீனத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள் நேரில் உட்கார்ந்து புத்தகம் படித்தும் பொம்மை காட்டியும் பேசினார்கள். 25 நிமிடம் வீதம் 12 முறை, அவ்வளவே. இன்னொரு குழுவுக்கு அதே ஆட்களின் பேச்சைத் திரையில் காட்டினார்கள். நேரில் கேட்ட குழந்தைகள், ஆங்கிலத்தில் இல்லாத சீன ஒலிகளைத் தைவான் குழந்தைகளுக்கு இணையாகப் பிரித்தறிந்தன. திரையில் பார்த்தவையோ, சீனமே கேளாத குழந்தைகளைவிட ஒரு படிகூட மேலே போகவில்லை.

நமக்கு இது 'ழ'கர விஷயம். மராத்தியில் 'ள' உண்டு. பக்கத்து வீட்டு ஆஜியிடமே குழந்தை அதைக் கேட்டுக்கொள்ளும். 'ழ' அப்படியல்ல, நம் வாயிலிருந்துதான் வரவேண்டும். (நாமே 'வாளப்பளம்' என்றால் குழந்தையைச் சொல்லி என்ன பயன்!) குழந்தை காக்கையைக் கை காட்டினால், நாம் அந்தப் பக்கம் திரும்பி "காக்கா" என்கிறோம், அது திருப்பிச் சொல்லும்வரை காத்திருக்கிறோம். டிவி காத்திருக்காது.

இதைவிடக் கவனிக்க வேண்டியது, யாரும் பார்க்காமலே கூடத்தில் ஓடிக்கொண்டிருக்கும் சீரியல். டிமிட்ரி கிறிஸ்டாகிஸ் என்ற குழந்தை மருத்துவர் 2009-இல் வெளியிட்ட ஆய்வில், டிவி சத்தம் கேட்கும் ஒவ்வொரு மணி நேரத்துக்கும், குழந்தை காதில் விழும் பெரியவர்களின் பேச்சு சுமார் 770 சொற்கள் குறைந்தது. தமிழ் சேனல் என்பதற்காக இந்தக் கணக்கு மாறப்போவதில்லை. போதாக்குறைக்கு, தமிழ் பேசும் ஆட்கள் இங்கே வீட்டுக்குள் மட்டும்தான்.

அளவு எவ்வளவு என்றால், உலக சுகாதார நிறுவனம் 2019-இல் சொன்னது: ஒரு வயது வரை திரையே கூடாது, அடுத்த ஒரு வருடமும் வேண்டாம், 2 முதல் 4 வயது வரை ஒரு நாளில் ஒரு மணி நேரத்துக்கு மேற்படாமல், குறைந்தால் இன்னும் நல்லது. சமையல் முடியும்வரை அரை மணி நேரம் இதற்குள் அடங்கும். யூடியூபில் போட்டால் அடுத்த படம் தானாகவே ஓடுவதை நிறுத்தி வையுங்கள். சாதம் ஊட்டும்போது "அந்த யானை எங்க போச்சு?" என்று கேட்டால் அந்த அரை மணியும் ஓரளவு பேச்சாக மாறும். சில நாள் டிவிக்குப் பதில் கிண்ணம், கரண்டி, சொம்பு என்று பாத்திரங்களைப் பரப்பிக் கொடுத்தாலும் வேலை ஆகும். சத்தம்தான் கொஞ்சம் அதிகம்.

திரையில் ஒன்றுக்கு மட்டும் விலக்கு உண்டு. அமெரிக்காவில் 2014-இல் வெளியான ஓர் ஆய்வில், இரண்டு, இரண்டரை வயதுக் குழந்தைகள் நேரடி வீடியோ அழைப்பில் புதுச் சொற்களைக் கற்றன. பதிவு செய்த படத்தில் கற்கவில்லை. அழைப்பில் எதிரே இருப்பவர் பதில் சொல்கிறாரே! ஆகவே திருநெல்வேலியிலிருந்து தாத்தா கூப்பிட்டால், "சாப்பிட்டியா கண்ணு?" என்று கேட்டுவிட்டு உடனே ஃபோனை அம்மாவிடம் கொடுக்கச் சொல்ல வேண்டாம். தொழுவத்து ஆட்டைக் காட்டி "இது யாரு, சொல்லு?" என்று கேட்டு, பதில் வரும்வரை பேசாமல் இருக்கச் சொல்லுங்கள்.