காசோலையும் கையெழுத்தும்

‘ஸ்ட்ரெய்ட் அவுட்டா காம்ப்டன்’ 2015 ஆகஸ்டில் வெளியான அமெரிக்கத் திரைப்படம். லாஸ் ஏஞ்சலீஸுக்குத் தெற்கே உள்ள காம்ப்டன் நகரத்துக் கறுப்பின இளைஞர்கள் 1980களின் பிற்பகுதியில் தொடங்கிய என்.டபிள்யூ.ஏ. என்ற ராப் குழுவின் வரலாறு இது. எஃப். கேரி கிரே இயக்கிய இப்படத்தில், குழு உறுப்பினர் ஐஸ் கியூபின் வேடத்தில் நடித்தவர் அவருடைய மகன் ஓஷே ஜாக்சன் ஜூனியர். படம் உலகெங்கும் 20 கோடி டாலர் வசூலைத் தொட்டது. அசல் திரைக்கதைக்கான ஆஸ்கர் பரிந்துரையும் பெற்றது.

குழுவின் முதலாளி ஈஸி-ஈ. போதைப்பொருள் விற்றுச் சேர்த்த பணத்தில் ‘ரூத்லெஸ்’ என்ற இசைத்தட்டு நிறுவனத்தைத் தொடங்கியவர் அவர். பாடுவது அவர் திட்டத்திலேயே இல்லை. கியூப் எழுதிய ஒரு பாடலை நியூயார்க் குழு ஒன்று பாட மறுத்துவிட, குழுவின் இசையமைப்பாளர் டாக்டர் டிரே ஈஸி-ஈயையே மைக் முன் நிறுத்தினார். தாளம் பிடிபடாமல் திணறும் ஈஸி-ஈக்கு டிரே வரிவரியாகச் சொல்லிக்கொடுக்கும் காட்சி படத்தின் மிக அழகான பகுதி. நண்பனுக்குள் இருந்த பாடகனை அந்த நண்பனுக்கு முன்பே டிரே கண்டுகொண்டார்.

ஒலிப்பதிவுக்கூடத்தின் வாசலில் நிற்கும் குழுவினரைக் காரணமே இல்லாமல் போலீஸார் தரையில் குப்புறப் படுக்கவைக்கிறார்கள். அந்த அவமானம் பாட்டாகிறது. 1989இல் எஃப்.பி.ஐ. உயரதிகாரி ஒருவர் அந்தப் பாட்டைக் கண்டித்து விநியோக நிறுவனத்துக்குக் கடிதமே எழுதினார். அது பாட்டின் புகழைத்தான் வளர்த்தது. 1991இல் ராட்னி கிங் என்ற கறுப்பினத்தவரை லாஸ் ஏஞ்சலீஸ் போலீஸார் அடித்த வீடியோ வெளியானபோது, இந்த இளைஞர்கள் சொன்னதை ஊரே கண்ணால் பார்த்தது. ஆனால், அந்தப் பாட்டைப் பாடிய டெட்ராய்ட் நிகழ்ச்சியில் மேடையை நோக்கிப் போலீஸார் பாய்ந்ததைப் படம் நடந்ததைவிடப் பெரிதாக்கிக் காட்டுகிறது. உண்மையில் குழுவினர்மேல் வழக்கு எதுவும் போடப்படவில்லை.

வெளியே இருந்து வந்த மிரட்டலால் குழு உடையவில்லை, உள்ளே இருந்த கணக்குவழக்கால் உடைந்தது. மேலாளர் ஜெர்ரி ஹெல்லர் 75,000 டாலர் காசோலையை ஒப்பந்தத்தோடு சேர்த்து நீட்டுகிறார். அவ்வளவு பணத்தை அதுவரை கண்டிராத கியூப், வழக்கறிஞர் படித்துப் பார்க்காமல் கையெழுத்துப் போட மறுக்கிறார். குழுவின் பாடல்களில் பெரும்பங்கு எழுதியவருக்கு இருபது வயதுதான். 1989 இறுதியில் அவர் வெளியேறினார்; மறு ஆண்டே தனி ஆல்பம் வந்தது. கலைஞராக விரும்பும் எந்த இளைஞரும் இந்த ஒரு காட்சிக்காகவே படத்தைப் பார்க்கலாம். அதே சந்தேகம் டிரேக்குத் தாமதமாகத்தான் வந்தது. 1991இல் விலகிய அவர் தொழில் கூட்டாளி ஷூக் நைட்டுடன் சேர்ந்து ‘டெத் ரோ’ இசைத்தட்டு நிறுவனத்தை உருவாக்கினார். அங்கே அடிதடியே நிர்வாகமாகிப்போனதால் 1996இல் அதையும் விட்டு வெளியேறினார். பிரிந்தவர்கள் பாட்டிலேயே ஒருவரையொருவர் வசைபாடினர்.

1995இல் மருத்துவமனையில் சேர்ந்த ஈஸி-ஈக்கு எய்ட்ஸ் இருப்பது தெரிந்தது. அது தங்களைத் தொடாது என்று ஆண்கள் பலர் நம்பியிருந்த காலம் அது. அவர் நோயை மறைக்காமல் அறிவித்தார். சில நாட்களில், மார்ச் 26 அன்று இறந்தார். வயது முப்பதைச் சுற்றித்தான். குழுவை மீண்டும் கூட்டும் பேச்சு அப்போதுதான் தொடங்கியிருந்தது என்கிறது படம். நலமாக இருந்தபோது தீர்த்துக்கொண்டிருக்க வேண்டிய சண்டைக்கு மருத்துவமனைப் படுக்கையருகில் வழி தேடுகிறார்கள்.

படத்தின் தயாரிப்பாளர்களில் டிரேயும் கியூபும் உண்டு என்பதை மறக்கக் கூடாது. தன்னை வில்லனாகக் காட்டியதாக ஹெல்லர் வழக்குத் தொடுத்தார். அதைவிடக் கனமான குறை ஒன்று உண்டு. தொலைக்காட்சித் தொகுப்பாளர் டீ பார்ன்ஸை 1991இல் டிரே தாக்கிய சம்பவம் படத்தில் இல்லவே இல்லை. போலீஸாரின் வன்முறையை இவ்வளவு கூர்மையாகப் பேசும் படம், தன் நாயகர்கள் பெண்கள்மேல் காட்டிய வன்முறையைப் பேசாமல் விட்டது பெரிய தவறு. படம் திரைக்கு வந்து கண்டனம் எழுந்த பிறகுதான், தான் காயப்படுத்திய பெண்களிடம் டிரே பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டார்.